சாவுக்கு 9 நாள் முன்பு எழுதிய உயில்: பச்சையப்ப முதலியாரின் பணம் பள்ளிக்கூடமாக 48 ஆண்டுகள் ஆனது ஏன்?

காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதி ஆற்றின் அந்தப் பக்கம் இருக்கிறது திருப்பருத்திக்குன்றம். ஜின காஞ்சி என்பது இதன் பழைய பெயர். இங்கே இருக்கும் திரைலோக்கியநாதர் கோயிலின் விதான ஓவியங்களைப் பார்க்க வருபவர்கள், அந்த ஓவியங்கள் இருக்கும் சங்கீத மண்டபத்தை 1387-ல் கட்டியவர் விஜயநகரத்து இருகப்பர் என்று தெரிந்துகொண்டு போவார்கள். 600 வருஷம் தாண்டியும் அது நமக்குத் தெரிகிறது என்றால், கல்லில் எழுதி வைத்ததால்தான். தமிழ்நாட்டுக் கோயில்களின் தானக் கல்வெட்டுகளை எடுத்துப் பாருங்கள். யார் கொடுத்தது, எந்த நிலம், நாலு எல்லை எது, எதற்காக, யார் பொறுப்பு என்று வரிசையாக இருக்கும். கெடுப்பவனுக்குச் சாபமும் உண்டு.

அதே ஊரில், இன்றைக்குத் தறி ஓடும் ஒரு வீட்டை யோசித்துப் பாருங்கள். அப்பா பெயரில் வீடு. குழித்தறி இரண்டு. வங்கியில் கொஞ்சம் டெபாசிட். மூத்த மகன் தறியில் உட்கார்ந்திருக்கிறார், இளையவர் சென்னையில் ஐடி வேலை, மகள் கல்யாணமாகி வேறு ஊர். தறி இருக்கும் வீடு மூத்தவனுக்கு என்று அப்பா 20 வருஷமாக வாயால் சொல்லிக்கொண்டே இருக்கிறார். எழுதி மட்டும் வைக்கவில்லை. நாளைக்கு அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்த வாய்ச்சொல்லுக்கு என்ன மதிப்பு? சட்டத்தில் பூஜ்யம். மனைவி, இரண்டு மகன்கள், மகள், அப்பாவின் தாயார் உயிரோடு இருந்தால் அவரும், ஆக 5 பேருக்கும் சம பங்கு. தறி போட்டிருக்கும் அறையை 5 பங்காக எப்படிப் பிரிப்பது என்பது அவர்கள் கவலை.

எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது பலருக்குத் தெரியும். எழுதி வைத்தும் சிக்கல் வருமா? வரும். அதற்குக் காஞ்சிபுரத்துக் குடும்பம் ஒன்றிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. பச்சையப்ப முதலியார். கல்லூரிப் பெயராக மட்டுமே பலருக்குத் தெரிந்த மனிதர்.

யார் இந்தப் பச்சையப்பர்?

அப்பா விசுவநாத முதலியார், பூர்வீகம் காஞ்சிபுரம். பிள்ளை பிறப்பதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். அம்மா பூச்சி அம்மாள், இரண்டு பெண் குழந்தைகளையும் வயிற்றுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு, கணவரின் நண்பரான ரெட்டி ராயரை நம்பிப் பெரியபாளையம் போனார். அங்கே 1754-ல் பிறந்தவர்தான் பச்சையப்பர். சில வருஷத்தில் ரெட்டி ராயரும் இறந்துபோக, குடும்பம் மறுபடி நடுத்தெருவுக்கு வந்தது. அடுத்த புகலிடம் சென்னை. ஆதரவு கொடுத்தவர் நாராயண பிள்ளை. பவுனி என்ற ஆங்கிலேயரிடம் துபாஷாக இருந்ததால் அவரைப் பவுனி நாராயண பிள்ளை என்று அழைத்தார்கள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் திருப்பம் இவரிடம்தான் இருக்கிறது.

துபாஷ் என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர். கம்பெனிக்காரர்களுக்கு உள்ளூர் மொழி தெரியாது, வியாபாரிகளுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நின்று பேசி, பேரம் முடித்து, கடன் ஏற்பாடு செய்து, கமிஷன் வாங்கும் ஆள்தான் துபாஷ். 18ஆம் நூற்றாண்டுச் சென்னையில் சொத்துச் சேர்க்க இதைவிட வேகமான வழி கிடையாது. நாராயண பிள்ளை அந்தத் தொழிலைப் பையனுக்குக் கற்றுக் கொடுத்தார். இங்கிலீஷ், கணக்கு, சரக்கு மதிப்பிடுவது எல்லாம். பதினாறு வயதிலேயே பச்சையப்பர் தனியாகத் தரகு பார்க்க ஆரம்பித்துவிட்டார். கம்பெனி அதிகாரிகளான சலிவன் சகோதரர்களிடம் துபாஷ் ஆனார். பிறகு தஞ்சாவூர். அங்கே மராட்டிய அரசர் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய தொகைக்காகக் கடன் தேடிக்கொண்டிருந்த காலம் அது. கடன் கொடுத்தவர்களில் பச்சையப்பரும் ஒருவர்.

அந்தக் காலத்துக் கடன், வரி வசூல் தொழில்களெல்லாம் கை சுத்தமான வேலை என்று சொல்ல முடியாது. வட்டியின் பாரம் கடைசியில் விவசாயி தலையில்தான் விழுந்தது. பச்சையப்பரை மகானாக்கி எழுதும் வாழ்க்கை வரலாறுகள் இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிப் போய்விடும்.

ஆனால், அவர் சேர்த்ததைச் செலவழித்த விதம் வேறு. சென்னையில் கோமளீஸ்வரன்பேட்டையில் வீடு. தினமும் கூவத்தில் குளித்துவிட்டுப் பக்கத்துக் கோமளீஸ்வரரைக் கும்பிடுவார் என்பார்கள். (ஆமாம், கூவத்தில்தான். அப்போது குளிக்கலாம்.) காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் சிதம்பரம் கோயிலுக்கும் நிறையச் செய்தார். சிதம்பரம் கிழக்குக் கோபுரத்தைச் செப்பனிட்டதில் அவர் குடும்பத்துக்குப் பங்கு உண்டு. அவருடைய உருவமும் மனைவி ஐயாளம்மாளின் உருவமும் அந்தக் கோபுரத்தில் சிலையாக இருக்கின்றன. ஐயாளம்மாள் அவருடைய அக்கா மகள். பிற்பாடு இன்னொரு திருமணமும் செய்துகொண்டார். ஆண் வாரிசு இல்லை.

40 வயதில் ஒரு உயில்

1794. பச்சையப்பருக்கு வயது 40. வாத நோய் வந்து படுத்தவர், காவிரிக்கரையில் இருந்தார். மார்ச் 22 அன்று கும்பகோணத்தில் உயில் எழுதினார். மார்ச் 31 அன்று திருவையாற்றில் இறந்தார். நடுவில் 9 நாள்.

உயில் என்ற சொல்லே நமக்குப் புதிது. ஆங்கிலத்தின் வில் தமிழ் வாயில் உயில் ஆனது. உயிருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மரண சாசனம் என்று தமிழ்ப்படுத்திப் பார்த்தார்கள், நிற்கவில்லை. சொல் மட்டுமல்ல, இறந்த பிறகு என் சொத்து இன்னாருக்கு என்று எழுதிவைக்கும் பழக்கமும் இந்துக்களின் பழைய சட்டத்தில் வேரூன்றியது அல்ல. அதனால்தான் பச்சையப்பரின் உயிலை இந்தியர் ஒருவர் எழுதிய ஆரம்பகால உயில்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள். முதல் உயில் என்றே சொல்பவர்களும் உண்டு.

அதில் இருந்தது என்ன? சொத்தின் பெரும்பகுதி தர்மத்துக்கு. காசியிலிருந்து கன்னியாகுமரி வரை கோயில் பூஜை, அன்னதானம் மாதிரியான அறக்கட்டளைகள். அவர் விட்டுப்போன சொத்து லட்சம் வராகன் என்று சொல்வது வழக்கம். 100 வராகன் 350 ரூபாய் என்பது கம்பெனி பின்னால் நிர்ணயித்த மாற்று விகிதம். அப்படிப் பார்த்தால் மூன்றரை லட்சம் ரூபாய். அந்தக் காலத்து மூன்றரை லட்சம்.

பள்ளிக்கூடம் பற்றி அந்த உயிலில் எதுவும் இல்லை. இதைக் கேட்டால் பச்சையப்பன் கல்லூரியில் படித்தவர்களே ஆச்சரியப்படுகிறார்கள்.

நிறைவேற்றும் பொறுப்பை யாரிடம் கொடுத்தார்? சின்ன வயதில் சோறு போட்டு, தொழில் கற்றுக்கொடுத்த நாராயண பிள்ளையிடமும் அவர் குடும்பத்திடமும். நன்றியுள்ள மனிதன் செய்யும் காரியம். நம்மில் பலரும் அதையேதான் செய்வோம்.

எங்கே சறுக்கியது?

முதல் சிக்கல், பணம் பணமாக இல்லை. கடன் கொடுப்பவரின் சொத்து, பெரும்பாலும் அடுத்தவர் கையில்தான் இருக்கும். யார் எவ்வளவு தர வேண்டும், எந்தப் பத்திரம் எங்கே இருக்கிறது என்பது கடன் கொடுத்தவரின் தலைக்குள் இருக்கும். அவர் போனதும் வசூல் செய்வது பெரும்பாடு.

இரண்டாவது, குடும்பம். இரண்டு மனைவிகள் இருக்கும் வீட்டில், பெரும்பகுதி சொத்து கோயில்களுக்கு, நிர்வாகம் வெளியாள் கையில் என்றால் அமைதியாகவா முடியும்? சண்டை வழக்கானது.

மூன்றாவதுதான் மோசம். பொறுப்பேற்றவர் பச்சையப்பரைவிட ஒரு தலைமுறை மூத்தவர். அவருக்குப் பிறகு யார், அவர்களை யார் கேள்வி கேட்பது, கணக்கை யாரிடம் காட்ட வேண்டும் என்பதற்கெல்லாம் வலுவான ஏற்பாடு இல்லை. நிர்வாகம் கைமாறியது. தர்மம் நடக்கவில்லை, பணம் கரைகிறது என்ற புகார் கிளம்பியது. விவகாரம் அன்றைய சென்னை சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1801-ல் தொடங்கப்பட்ட அந்த நீதிமன்றம்தான் இன்றைய உயர் நீதிமன்றத்தின் மூதாதை. அரசுத் தலைமை வழக்கறிஞராக இருந்த ஹெர்பர்ட் காம்ப்டன் இதில் தலையிட்டார், பணம் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டுக்கு வந்தது. பிறகு அதே பதவிக்கு வந்த ஜார்ஜ் நார்ட்டன் அதைத் தொடர்ந்தார்.

வழக்கு நடந்த வருஷங்களில் பணம் வட்டியோடு வளர்ந்தது. கோயில் தர்மங்களுக்கு வேண்டியதை ஒதுக்கிய பிறகும் பெரிய மிச்சம் நின்றது. அந்த மிச்சத்தை என்ன செய்வது? உயில் எழுதியவரின் பொது நோக்கம் தர்மம், எனவே அதற்கு நெருக்கமான இன்னொரு தர்மத்துக்குச் செலவிடலாம் என்பது ஆங்கிலச் சட்டத்தில் உள்ள ஒரு கொள்கை. நம் நீதிமன்றங்களும் இதைப் பின்பற்றுகின்றன. அந்த வழியில்தான் கல்வி உள்ளே வந்தது. 1842 ஜனவரி 1 அன்று, சென்னை பிராட்வேயில், பச்சையப்பர் பெயரில் பள்ளி திறக்கப்பட்டது. அவர் இறந்து 48 வருஷம் ஆகியிருந்தது.

அந்தப் பள்ளி 1889-ல் கல்லூரியானது. கணித மேதை ராமானுஜன் 1906-ல் அங்கே சேர்ந்தார், கணிதம் தவிர மற்றதில் தேறாமல் வெளியேறினார். காஞ்சிபுரம் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த சி.என். அண்ணாதுரை பச்சையப்பனில் படித்து முதலமைச்சர் ஆனார். நல்ல முடிவுதானே என்று தோன்றும். நல்ல முடிவுதான், ஆனால் அது பச்சையப்பர் திட்டமிட்ட முடிவு இல்லை. பணம் இந்து தர்மத்துக்கு என்று உயில் சொன்னதால், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கல்லூரி இந்து மாணவர்களுக்கு மட்டுமே கதவு திறந்தது என்பதும் அதே உயிலின் விளைவு.

இன்றைய சட்டம் என்ன கேட்கிறது?

பச்சையப்பர் காலத்தில் உயிலுக்கு இத்தனை சாட்சி, இப்படிக் கையெழுத்து என்று இந்துக்களுக்கு எழுதப்பட்ட விதி கிடையாது. 1870-ல் இந்து உயில் சட்டம் வந்தது, அதுவும் சென்னை நகரம் போன்ற சில இடங்களுக்கு மட்டும். 1925-ன் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1927 முதல் எல்லா ஊர் இந்துக்களின் உயிலையும் ஒரே விதிக்குள் கொண்டுவந்தது. ஜெயின்களுக்கும் இதே விதிதான் என்பதால் திருப்பருத்திக்குன்றத்துக்குள் மதத்துக்கு மதம் பெரிய வித்தியாசம் இல்லை. முஸ்லிம்களுக்கு மட்டும் தனி: வாரிசுகள் சம்மதிக்காவிட்டால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.

விதி சுலபம். 18 வயது, தெளிவான சுயநினைவு. வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். தமிழிலேயே எழுதலாம், கையால் எழுதினாலும் டைப் அடித்தாலும் சரி. நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்து, அல்லது இது என் கையெழுத்துதான் என்று நீங்கள் சொல்லக் கேட்டு, உங்கள் முன்னால் கையெழுத்திட வேண்டும். அவ்ளோதான்.

சாட்சி விஷயத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். உங்களுக்குப் பிறகு அந்த உயிலை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டி வந்தால், சாட்சி உயிரோடு இருக்கும் பட்சத்தில் ஒருவராவது கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். 80 வயதுப் பெரியவர்கள் இருவரைப் பிடித்து மரியாதைக்காகச் சாட்சி போட வைத்தால் என்ன ஆகும்? உங்களைவிட இளையவர்கள், எளிதில் தேடிப் பிடிக்கக்கூடியவர்கள் நல்லது. சொத்து பெறப்போகிறவர் சாட்சியாக இருக்க வேண்டாம். உயில் எழுதும் இடத்தில் முன்னால் நின்று எல்லாம் செய்பவராகவும் அவர் இருக்க வேண்டாம். அப்படி இருந்தால் அது சந்தேகத்துக்குரிய சூழ்நிலை, அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பு உயிலைக் காட்டுபவருடையது என்று உச்ச நீதிமன்றம் 1958-லேயே விளக்கிவிட்டது.

படுக்கையில் எழுதிய உயில் செல்லாதா? செல்லும். இறப்பதற்கு 9 நாள் முன்பு எழுதினாலும் செல்லும். இதில் ஒரு விசித்திரம்: நெருங்கிய உறவினர் உள்ள ஒரு கிறிஸ்தவர் தர்மத்துக்குச் சொத்து எழுதினால், அதை இறப்பதற்கு 12 மாதம் முன்பே எழுதியிருக்க வேண்டும் என்று 1925 சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. சாகும் நேரத்தில் யாரும் மனதைக் கலைத்துவிடக் கூடாது என்ற பயம். 2003-ல் உச்ச நீதிமன்றம் அதைப் பாரபட்சம் என்று ரத்து செய்தது. ஆனால், சட்டம் தடுக்காவிட்டாலும் படுக்கை உயிலை எதிர்த்து வழக்குப் போடுவது சுலபம். நினைவு தெளிவாக இருந்ததா என்ற கேள்வி முதலில் வரும். முடியாத நேரத்தில் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், பரிசோதித்த டாக்டரிடம் அன்றைய தேதியிட்ட சான்று வாங்குங்கள். அவரே ஒரு சாட்சியாக இருந்தால் இன்னும் நல்லது.

பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால், தொலைந்துபோனது, மாற்றிவிட்டார்கள் போன்ற சண்டை குறையும். பதிவான உயிலும் கேள்விக்கு அப்பாற்பட்டது அல்ல, அதையும் எதிர்த்து வழக்குப் போடலாம். வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றால், சீலிட்ட உறையில் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கும் வசதியும் சட்டத்தில் இருக்கிறது. மனம் மாறினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதுதான் நிற்கும். செட்டில்மென்ட் பத்திரம் அப்படி இல்லை. பதிவு செய்தாக வேண்டும், எழுதிக் கொடுத்ததும் சொத்து போய்விடும், சாதாரணமாகத் திரும்ப வாங்க முடியாது.

நாமினி போட்டிருக்கிறேனே, உயில் எதற்கு? ஆபீஸில் அதிகம் கேட்கும் கேள்வி இது. வங்கி டெபாசிட்டிலும் ஷேரிலும் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்திருக்கும் ஆள், உரிமையாளர் அல்ல. ஷேர் விஷயத்தில் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடி உறுதி செய்தது. கல்யாணத்துக்கு முன்பு அம்மா பெயரை நாமினியாகப் போட்டுவிட்டு மறந்தவர்கள், இன்றைக்கே ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.

வேலைக்குப் போகும் பெண்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பிள்ளை இல்லாத இந்துப் பெண், கணவரும் இல்லாத நிலையில் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சம்பாதித்து வாங்கிய ஃபிளாட்டில்கூட முதல் உரிமை கணவரின் வாரிசுகளுக்கு. பெற்ற அப்பா அம்மா அதற்கு அடுத்துதான். 1956 சட்டத்தின் 15ஆவது பிரிவு இப்படித்தான் இருக்கிறது. இதை மாற்ற அந்தப் பெண்ணின் கையில் இருக்கும் ஒரே எளிய கருவி, ஒரு பக்க உயில்.

பச்சையப்பர் விட்ட இடத்தை எப்படி நிரப்புவது?

உயிலை நிறைவேற்றுபவரை எக்சிக்யூட்டர் என்பார்கள். முதலாமவர் மறுத்தாலோ இறந்தாலோ யார் என்று இரண்டாவது பெயரையும் எழுதுங்கள். எழுதுவதற்கு முன்பு அவர்களிடம் கேட்டு ஒப்புதல் வாங்குங்கள். உங்களைவிட மூத்தவரைப் போடுவது மரியாதையாக இருக்கலாம், உதவியாக இருக்காது.

சொத்தை அடையாளம் தெரியும்படி எழுதுங்கள். திருப்பருத்திக்குன்றம் வீடு என்று எழுதினால் போதாது. சர்வே எண், கதவு எண், நாலு எல்லை, மூலப்பத்திரத்தின் எண், தேதி எல்லாம் வேண்டும். வங்கி, டீமேட், பிஎஃப், கொடுத்த கடன், வாங்கிய கடன் எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் தனியாக இருக்கட்டும். பாஸ்வேர்டை உயிலில் எழுதாதீர்கள், பிற்காலத்தில் அது நீதிமன்ற ஆவணம் ஆகிவிடலாம். பூர்வீகச் சொத்து என்றால் உங்கள் பங்கை மட்டும்தான் எழுத முடியும். அதில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பிறப்புரிமை இருக்கிறது. தமிழ்நாடு 1989-லேயே இதைச் சட்டமாக்கியது, நாடு முழுக்க வந்தது 2005-ல். சுயமாகச் சம்பாதித்ததை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் மனைவியையோ ஒரு பிள்ளையையோ விட்டுவிட்டால், ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டு வரி பிற்பாடு பெரிய வழக்கைத் தடுக்கலாம்.

தர்மத்துக்கு எழுதுகிறீர்களா? தர்மத்துக்கு என்று மொட்டையாக விடாமல் எந்த அமைப்புக்கு, எவ்வளவு, எந்தக் காரியத்துக்கு, அந்த அமைப்பு மூடப்பட்டால் அடுத்து யாருக்கு, கணக்கை யார் கேட்கலாம் என்பதுவரை எழுதுங்கள்.

பச்சையப்பர் பணத்தில் கட்டிய பள்ளியின் சொந்தக் கட்டடம் 1850-ல் திறக்கப்பட்டது. உயரமான கிரேக்கத் தூண்களோடு, இன்றும் என்.எஸ்.சி. போஸ் சாலையில் சென்னை உயர் நீதிமன்றத்தைப் பார்த்தபடி நிற்கிறது. காஞ்சிபுரத்திலும் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று அவர் பெயரில் இரண்டு கல்லூரிகள் நடக்கின்றன. தறி வீட்டுப் பிள்ளைகள் பலர் முதல் டிகிரி வாங்கியது அங்கேதான். அறக்கட்டளையின் நிர்வாகம் தொடர்பான வழக்குகள் அண்மை ஆண்டுகளிலும் உயர் நீதிமன்றப் படியேறின. ஓய்வுபெற்ற நீதிபதியை நிர்வாகியாக அமர்த்தும் நிலையும் வந்தது.